சிற்றலை வானொலி வாங்கலாமா?



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் காரைக்குடி வட்டாரத்துப் பள்ளி மாணவர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியோடு வருவதுண்டு. "ஐயா, ஊருக்குப் போகும்போது கொண்டுபோக ஒரு சிறிய சிற்றலை வானொலி வாங்கலாம் என்றிருக்கிறேன். விலை அதிகம் கூடாது. எதை வாங்கலாம்?" கேட்பவரிடம் இருப்பது உண்டியலில் சேர்த்த பணம். அதை ஒருமுறைதான் செலவழிக்க முடியும். எனவே பெட்டியின் பெயரைச் சொல்லுமுன் நான் திருப்பிக் கேட்பேன்: "எதற்காக வாங்குகிறாய், தம்பி?" இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இருந்தால், எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை பாதி கிடைத்த மாதிரிதான்.

எதற்காக வாங்க வேண்டாம்?

தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்பதற்காகச் சிற்றலைப் பெட்டி வாங்க வேண்டாம். இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. ஏனெனில் உங்கள் தாத்தா பாட்டிமாருக்குச் சிற்றலை என்பதே தமிழோடு சேர்ந்த ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. அதன் தமிழ்ச் சேவையைக் கேட்கத் தமிழ்நாட்டு வீடுகளில் மாலைதோறும் வானொலியின் முள் நகர்ந்தது. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களை இன்றும் பெரியவர்கள் நினைவு கூர்வார்கள். லண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியது. பீகிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963இல் தொடங்கியது. அந்நாட்களில் பெட்டி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1980களின் நடுப்பகுதியில்தான் அது நீங்கியது.

ஆனால் காலம் மாறிவிட்டது. பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு சிற்றலையை விட்டு விலகியது. மணிலாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தியது. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அகில இந்திய வானொலியும் தன் சிற்றலைப் பரப்பிகளில் பலவற்றை மூடிவிட்டது. பாட்டும் செய்தியும் மட்டுமே வேண்டுமென்றால் கைப்பேசியே போதும். அதற்கெனத் தனியாகச் செலவழிப்பது வீண்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

இரண்டு காரணங்களுக்காக வாங்கலாம் என்பது என் கருத்து.

முதலாவது, எல்லாம் ஓய்ந்த வேளையிலும் இயங்கும் கருவி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நமக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். வானொலிக்கோ இரண்டு மின்கலங்கள் போதும். பரப்பி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பத்திரமாக இருந்தால் போதும். 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் கடலில் எரிமலை வெடித்து, டோங்கா தீவுகளை வெளியுலகோடு இணைத்த கடலடிக் கம்பி அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று. அந்நாட்களில் நியூசிலாந்தின் சிற்றலை ஒலிபரப்பு அத்தீவினருக்குத் துணை நின்றது. அதே ஆண்டு உக்ரைனில் போர் மூண்டபின், மார்ச்சில் பி.பி.சி. அந்நாட்டை நோக்கி நாள்தோறும் நான்கு மணி நேரம் சிற்றலையில் செய்தி பரப்பியது. மூடிய கதவை மீண்டும் திறக்க வேண்டிய தேவை வந்தது.

இரண்டாவது, சிற்றலைப் பெட்டி விலை குறைந்த ஓர் ஆய்வுக் கருவி. தலைக்குமேல் நூறு முதல் நானூறு கிலோமீட்டர் உயரத்தில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் பள்ளியிலுள்ள எந்தத் தொலைநோக்கியும் காட்டாது. இந்தப் பெட்டி காட்டும்.

வானத்தில் ஒரு கூரை

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல் வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கின்றன. இவ்வாறு உண்டாகும் அயனி மண்டலம், சுமார் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகளை வளைத்துப் பூமிக்கே திருப்பி அனுப்புகிறது. 1924இல் ஆப்பிள்டன் இதைச் சோதனை வாயிலாக மெய்ப்பித்தார். 1947இல் நோபல் பரிசு பெற்றார். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1950களிலேயே வானொலித் துடிப்புகளை நேர் மேலே செலுத்தி, எதிரொலியைக் கொண்டு இந்தக் கூரையின் உயரத்தை அளந்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்தியா தன் முதல் ஆய்வு ராக்கெட்டைச் செலுத்தியதற்கும் இதுவே தொடர்பு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடி வழியாகச் செல்கிறது. அக்கோட்டின் மேலுள்ள அயனி மண்டலம் மற்ற இடங்களைப் போன்றதன்று, தனி இயல்புடையது. ஆக, ஆய்வாளர்கள் தேடிவந்த வானத்துக்கு அருகிலேயே நீங்கள் குடியிருக்கிறீர்கள்.

பகலில் இம்மண்டலத்தின் அடிப்பகுதி, குறைந்த அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடும். எனவே பகலில் 15 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த எண்களில் தேடவேண்டும். இரவில் அந்த அடிப்பகுதி மறைந்துவிடும். மேற்பகுதியின் எலெக்ட்ரான் செறிவும் குறையும். அப்போது 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் உயிர் பெறும். சூரியன் சுமார் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை கொந்தளித்து அடங்குகிறது. இப்போதைய சுழற்சி 2024இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு மே மாதம் 10, 11 நாட்களில் பெரும் சூரியப் புயல் வீசியபோது உலகின் பல பகுதிகளில் சிற்றலைத் தொடர்பு குலைந்தது. செய்தித்தாளில் இதைப் படிப்பவர் பலர். தம் காதாலேயே கேட்டறியும் வாய்ப்பு சிற்றலைப் பெட்டி உள்ளவருக்கே கிட்டும்.

பட்டைக் கணக்கு

இனிக் கடைக்குப் போவோம். "பன்னிரண்டு பேண்ட் தம்பி! புளூடூத் இருக்கு, டார்ச் இருக்கு!" என்பார் கடைக்காரர். பட்டைகளின் எண்ணிக்கையைக் கேட்டு மயங்காதீர்கள்; அதை ஒதுக்கவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பெட்டியில் சிற்றலைக்கு ஒரே பட்டை. டயலின் நீளம் 60 மில்லிமீட்டர். அதில் 6 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை அடக்கியிருக்கிறார்கள். 12,000 கிலோஹெர்ட்சை 60ஆல் வகுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 200 கிலோஹெர்ட்ஸ். சிற்றலை நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைவன. ஆக, ஒரு மில்லிமீட்டருக்குள் 40 நிலையங்களுக்கு இடம்! விரல் சற்று நடுங்கினாலும் இருபது நிலையங்களைத் தாண்டிவிடுவீர்கள்.

மற்றொரு பெட்டி 31 மீட்டர் பட்டையை மட்டும், அதாவது 9,400 முதல் 9,900 வரை, அதே 60 மில்லிமீட்டரில் விரித்துக் காட்டுகிறது. ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 8 கிலோஹெர்ட்ஸ்தான். இதில் நிதானமாகத் தேடலாம். பல பட்டைகள் இருப்பதன் உண்மையான பயன் இந்த விரிவுதான். டெக்சன் ஆர்-9012 போன்ற எளிய முள் பெட்டிகள் இவ்வகையின. "எத்தனை பட்டை?" என்று கேட்காமல், "ஒவ்வொரு பட்டையும் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை?" என்று டயலைப் பார்த்துப் படியுங்கள்.

பணம் சற்றுக் கூடுதலாக இருந்தால் அதிர்வெண்ணை இலக்கங்களில் காட்டும் பெட்டியை வாங்குங்கள். டெக்சன் பி.எல்.-380 போன்றவை இத்தகையன. மாணவர்களுக்கு இதுவே சிறந்தது என்பேன். 9,645 என்று திரையில் தெரிந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதலாம். நாளைக்கும் அதே இடத்துக்குத் திரும்பலாம். எண் தெரியாமல் கேட்பது பொழுதுபோக்கு. எண்ணோடு கேட்பதுதான் அறிவியல்.

இல்லாத இடத்தில் கேட்கும் நிலையம்

மலிவான முள் பெட்டிகளில் ஒரே நிலையம் இரண்டு இடங்களில் கேட்பதுண்டு. பெட்டி பழுது என்றோ, நிலையம் இரண்டு அலைவரிசைகளில் பரப்புகிறது என்றோ எண்ண வேண்டாம். பெட்டிக்குள் ஓர் அலையியற்றி இருக்கிறது. அது, நீங்கள் வைக்கும் எண்ணைவிட 455 கிலோஹெர்ட்ஸ் கூடுதலான அலையை உண்டாக்குகிறது. இரண்டுக்குமுள்ள வித்தியாசமான 455ஐத்தான் உள்சுற்று பெருக்கிக் கொடுக்கிறது. முள்ளை 8,790இல் வைத்தால் உள் அலை 9,245. ஆனால் 9,700இல் உள்ள வலிய நிலையத்துக்கும் 9,245க்கும் வித்தியாசம் அதே 455தானே! எனவே அந்நிலையம் 8,790இலும் தலைகாட்டும். உண்மை இடத்துக்கும் இந்த நிழல் இடத்துக்கும் இடைவெளி எப்போதும் 455இன் இரு மடங்கு, அதாவது 910 கிலோஹெர்ட்ஸ். முள் பெட்டியைக் கடையில் சோதிக்கும்போது ஒரு வலிய நிலையத்தைப் பிடித்து, 910 கீழே போய்ப் பாருங்கள். நிழல் உரக்கக் கேட்டால் அப்பெட்டி வேண்டாம்.

மின்கலத்தை மறவாதீர்கள்

பயணப் பெட்டிக்கு எந்த மின்கலம் என்பது சிறிய கேள்வியன்று. தனி அளவிலான மின்கலத்தோடு வரும் பெட்டி, அது செத்த நாளில் வெறும் பிளாஸ்டிக் டப்பா. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேனா மின்கலம் (டபுள் ஏ) போடும் பெட்டியே வெளியூருக்கு ஏற்றது. நல்ல ஆல்கலைன் பேனா மின்கலம் சுமார் 2,000 மில்லி ஆம்பியர்-மணி தரும். பெட்டி 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், 2,000ஐ 50ஆல் வகுக்க, 40 மணி நேரம். நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் இருபது நாள் வரும்.

பழைய சாதாரண மின்கலத்தில் வெளிக்கூடே துத்தநாகம். அதுவே எதிர்மின் முனை. மின்சாரம் தரத்தர அது கரைந்து ஓட்டையாகிறது. உள்ளிருக்கும் பசை கசிந்து வானொலியின் செப்புப் பாதைகளை அரிக்கிறது. பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர்கள் பல மடிந்தது இதனால்தான். ஊர் திரும்பியதும் மின்கலங்களைக் கழற்றிவிடுங்கள். 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைத் தன்னிடத்தே கொண்ட காரைக்குடியில், இதை ஒவ்வொரு மாணவரும் தெரிந்திருக்க வேண்டாமா?

வாங்குமுன் ஐந்து சோதனைகள்

1. மத்திய அலையை முதலில் சோதியுங்கள். புயல் நாளில் உள்ளூர்ச் செய்தி வருவது மத்திய அலையிலும் பண்பலையிலும்தான். பெட்டியை மெல்லச் சுழற்றினால் ஒலி கூடிக் குறைய வேண்டும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் வேலை அது.

2. சிற்றலையை இரவு ஏழு மணிக்குமேல் சோதியுங்கள். நண்பகலில் கடைக்குள் நின்று சோதித்தால் நல்ல பெட்டியும் ஊமையாகத் தோன்றும்.

3. அருகருகே உள்ள இரு நிலையங்கள் கலக்காமல் பிரிகின்றனவா என்று கவனியுங்கள்.

4. ஒரு நிலையத்தை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் தொடாதிருங்கள். தானே விலகிப் போனால் பெட்டி நிலையற்றது.

5. மின்கல மூடியையும் நீட்டு ஏரியலின் அடி மூட்டையும் அசைத்துப் பாருங்கள். பயணத்தில் முதலில் முறிபவை இவையே.

இணையத்தில் வாங்குபவர்கள் இச்சோதனைகளைப் பெட்டி வந்த இரண்டொரு நாளுக்குள், திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் செய்துவிடுங்கள்.

முனீஸ்வரன் கோவில் வீதிப் பழம்பொருள் கடைகளில் வால்வு வானொலிகளைப் பார்த்து ஆசைப்படும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றுள் சிலவற்றில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டமே 230 வோல்ட் மின்சாரத்தோடு இணைந்திருக்கும். முதுகு மூடியைக் கழற்றித் தொட்டால் உயிருக்கு ஆபத்து. அவை காட்சிக்கு அழகு. கற்பதற்கு மின்கலத்தில் ஓடும் பெட்டியே பத்திரம்.

எங்கே வைத்துக் கேட்பது?

ஓடும் ரயில் பெட்டிக்குள் சிற்றலை சரிவரக் கேட்காது, சுற்றிலும் இரும்பு. வீட்டுக்குள் வேறொரு பகை: எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர் ஆகியவை எழுப்பும் இரைச்சல். முகப்புத் திண்ணைக்கோ ஊருணிக்கரைக்கோ எடுத்துச் சென்றால் அதே பெட்டி புதுப் பெட்டிபோல் பேசும். ஐந்தாறு மீட்டர் மெல்லிய உறையிட்ட கம்பியின் ஒரு முனையை ஏரியலில் கவ்வ வைத்து, மறுமுனையை மரக்கிளையில் கட்டுங்கள். ஆனால் மின்கம்பிகளுக்கு அருகில் கட்டவே கூடாது. இடி மின்னல் தொடங்கியதும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மிக நீண்ட கம்பியும் வேண்டாம். மலிவான பெட்டிகள் திக்குமுக்காடி நிழல் நிலையங்களைப் பெருக்கும்.

என் முடிவு

"இத்தனை தொல்லை எதற்கு? இணையத்தின் வழியே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வானொலியைக் காசின்றி இயக்கிக் கேட்கலாமே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம். உண்மைதான்; கேளுங்கள். ஆனால் நெதர்லாந்தில் உள்ள பெட்டி சொல்வது நெதர்லாந்தின் வானத்தைப் பற்றி. காரைக்குடிக்கு மேலே சூரியன் மறையும் வேளையில் என்ன நிகழ்கிறது என்பதைக் காரைக்குடியில் இருக்கும் பெட்டிதான் சொல்லும். மேலும், இணையம் அறுந்த நாளில் அந்த வழியும் அடைபடும்.

எனவே நான் சொல்வது இது: பத்து மாணவர்கள் தனித்தனியே பத்து விளையாட்டுப் பெட்டிகள் வாங்குவதைவிட, பத்துப் பேரும் பணத்தைச் சேர்த்து, பள்ளி அறிவியல் மன்றத்துக்காக இலக்கத் திரையுள்ள நல்ல பெட்டி ஒன்று வாங்குங்கள். முறைவைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். சுற்றுலா செல்பவர் தம்மோடு கொண்டுபோகட்டும். ஒரு நீள நோட்டில் நாள், நேரம், இடம், அதிர்வெண், நிலையம், ஒலியின் வலிமை ஆகிய ஆறு பத்திகளைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். வலிமைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள். சீனாவின் பி.பி.எம். நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் நேரக் குறிப்புத் துடிப்புகளைப் பரப்புகிறது. இம்மூன்றில் எது எந்த மணிக்குக் கேட்கிறது என்பதை ஒரு மாதம் பதிவு செய்து வரைபடம் வரைந்தால், அயனி மண்டலத்தின் பகலும் இரவும் உங்கள் தாளில் கோடாக எழும்பும்.

ராமேசுவரம் கடற்கரையில் ஒருவர், கொடைக்கானல் மலையில் ஒருவர், செக்காலையில் வீட்டு மாடியில் ஒருவர் என்று அந்த நோட்டு ஓராண்டு சுற்றிவரட்டும். பிறகு எந்தப் பெட்டியை வாங்குவது என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்காது. நீங்களே மற்றவர்களுக்குச் சொல்வீர்கள்.